‘குறிப்பிடப்படாத’ என்பதற்கு மாற்றுச்சொல் தேவை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:
அன்புடையீர், ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடு பார்ப்பவர்களுக்கு வியாழக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில் ஆர் 50.8-ஐ ‘குறிப்பிட்ட பிற காய்ச்சல்’ என்றும், ஆர் 50.9-ஐ ‘குறிப்பிடப்படாத காய்ச்சல்’ என்றும் தமிழாக்கினோம். கைக்கணினித் திரையில் இரண்டும் ‘குறிப்பி…’ என்று வெட்டுப்பட்டு நிற்கின்றன. ஒத்திகையில் பலர் மாற்றித் தொட்டுவிட்டார்கள். முதல் எழுத்திலேயே வேறுபடும் சொற்கள் வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:
ஐயா, உரையாசிரியர்கள் ‘விதந்து ஓதினார்’ என்பார்கள். தனித்து எடுத்துச் சொல்வதே விதத்தல். நட, நடவா போல வித, விதவா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘விதவாக் காய்ச்சல்’ என்போம். பவணந்தியார் ஊர் என்று சொல்லப்படும் சீனாபுரம் பெருந்துறைக்குப் பக்கம்தானே? நன்னூல் மண்ணில் இந்தச் சொல்லுக்கு அஞ்சலாமா?

ஈரோட்டிலிருந்து:
ஐயா, இருபது ஆண்டு செவிலியாக இருந்தவள் சொல்கிறேன். ‘விதவா’வை எவரும் விதவை என்றே படிப்பார்கள். கணவரை இழந்து, காய்ச்சலோடு வந்து நிற்கும் அம்மாவின் சீட்டில் அதை அச்சிட எனக்குக் கை வராது. ‘வகை தெரியாதது’ என்று போடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
அம்மா, விதவை வடசொல், விதத்தல் தமிழ். ஒலி ஒத்திருப்பது வினையின் குற்றமா? ‘விதம்’ வடசொல் என்பதையே நான் ஏற்கவில்லை. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

தாராபுரத்திலிருந்து:
‘தெரியாதது’ பிழை. மருத்துவருக்குத் தெரிந்திருக்கும், சீட்டில் எழுதியிருக்க மாட்டார். புள்ளிக்குப் பின் வரும் 9 ஏட்டின் குறையைத்தான் சொல்கிறது. எங்கள் பக்கம் வீட்டார் வெறுமனே ‘அம்மை’ என்பார்கள். சின்னம்மை பி 01, தட்டம்மை பி 05. கேட்டு எழுதாவிட்டால் எந்த மொழியில் பெயர் வைத்தும் கணக்குத் தவறும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:
அப்படியானால் ‘பிற வகை’, ‘எழுதாத வகை’. திரையில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் முழுதாகத் தெரிகின்றன. பதினோராம் பதிப்பில் இவ்விரண்டும் ஒய், இசட் என்று முடியும் குறியீடுகள், அங்கும் பொருந்தும். பெரும்பாலோர் சரி என்றுவிட்டதால் இவற்றையே அனுப்புகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. ‘எழுதாத வகை’ விளக்கம்தான், கலைச்சொல் ஆகாது. விதத்தலிலிருந்து விதப்பு வரும், விதவாமை வரும். இதிலிருந்து எது வரும்? வகுப்புக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். சொற்பட்டியலில் என் மறுப்பையும் சேர்த்துவிடுங்கள்.