மினி டின்களில் துரு: மதுரைப் பக்கம் சிலிக்கா ஜெல் எங்கே கிடைக்கும்?

வணக்கம். போக்கிமான் மினி டின் (போக்கிமான் கார்டு வரும் சின்னத் தகரப் பெட்டி) சேர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

இந்த டின்கள் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. தகட்டை வெட்டிய ஓரத்தில் பூச்சு இருக்காது. அதனால் அடிமடிப்பிலும் மூடிக் கீலிலும்தான் துரு முதலில் பிடிக்கிறது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வேகமாகப் பரவுகிறது. டின்னுக்கு ஒரு 5 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணி) பொட்டலம் போட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் துரு நிற்கும். டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் இதைச் சில்லறையாகத் தரும் கடை தெரியுமா? நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் உண்டு; ஆரஞ்சு மணிதான் வேண்டும்.

டின்மேல் போட பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும்) பிளாஸ்டிக் உறையும் தேடுகிறோம். மெத்தென்ற பிவிசி உறை நாளடைவில் அச்சில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று: பல வரிசைகளில் 5 டின்கள், அவற்றின் படங்களைச் சேர்த்து வைத்தால் ஒரே காட்சியாகத் தொடரும். ஒன்று குறைந்தாலும் காட்சி அறுந்துவிடும். காலி டின் இருந்தாலும் சொல்லுங்கள், கார்டு வேண்டாம். மூடி, கீல், அடிப்பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். விலை ஸ்டிக்கரை மட்டும் தயவுசெய்து அப்படியே உரிக்காதீர்கள். ஹேர் டிரையரில் இளஞ்சூடாக்கி, மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். தின்னர் பட்டால் அச்சே போய்விடும்.