தெருவோரம் கேட்பாரற்று நிற்கும் பழைய கார்கள்: மறக்க முடியாமல் போன ஒன்றைச் சொல்லுங்கள்

ஓரத்தெரு

மாரிஸ் மைனர், அதுவும் லோ-லைட். ஹெட்லைட் இரண்டும் மட்கார்டு மேல் ஏறாமல் கிரில்லோடு சேர்ந்து கீழேயே இருக்குமே, 1948-ல் வெளிவந்தபோது இருந்த அந்த முகம். பம்பரைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுவில் ஒட்டுத் துண்டு! வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் கடைசி நேரத்தில் வண்டியை நடுவே பிளந்து 4 அங்குலம் அகலப்படுத்தச் சொன்ன கதை தெரியும் அல்லவா? அதற்குள் பம்பர்கள் செய்து முடித்துவிட்டதால், அவற்றை வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள். அந்தத் துண்டை நான் விரலால் தொட்டே பார்த்தேன்.

காலை நடைக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு வாசலில் நின்றது. நான்கு டயரும் தரையோடு தரை. பானட் பூட்டு போய் லேசாகத் திறந்து கிடந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால் பேட்டரித் தட்டு காலி. இரண்டு வருடம் தினமும் பார்த்தேன். ஒருநாளும் அந்த வீட்டு மணியை அடிக்கவில்லை.

சொல்ல வந்தது இதுதான். ஒருநாள் காலை வண்டியின் இடது பக்கக் கதவுத் தூணிலிருந்து டிராஃபிகேட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் போகிறேன் என்று காட்டும் அந்தக் கைகாட்டிதான். வண்டி முழுக்க வெளிறி, பெயின்ட் சுண்ணாம்பு போல உதிர்கிறது. ஆனால் இத்தனை வருடம் தூணுக்குள் வெயில் படாமல் இருந்ததால் அந்தக் கை மட்டும் நேற்றுச் செய்தது போல ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மறுநாள் போனால் வண்டி இல்லை.

மணியை அடித்திருக்க வேண்டும். இன்னும் உறுத்துகிறது.

வட்டக்கண்ணாடி

எனக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, ஆனால் அந்த முதுகு வளைவைத் தார்ப்பாயால் மறைக்க முடியுமா? பின்பக்கம் பாய் கிழிந்து தொங்கியது. தூக்கிப் பார்த்தேன், ஓவல் கண்ணாடி! 1953-க்கு முன்னால் இரண்டாகப் பிரிந்த கண்ணாடி, 1957-க்குப் பிறகு பெரிய செவ்வகக் கண்ணாடி. நடுவில் அந்த நான்கைந்து வருடத்து வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த முட்டை வடிவம்.

கையால் தூசியைத் துடைத்து உள்ளே பார்த்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு கொடி வளர்ந்திருந்தது. நிஜக் கொடி. பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். ஆசிட் கசிந்து கசிந்து அந்த இடத்துத் தரைத்தகடு ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டை வழியாக மண்ணிலிருந்து ஏறி, சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் நுழைந்து, வெளிச்சம் வரும் ஒரே இடமான அந்தச் சின்னக் கண்ணாடியை நோக்கி வளர்ந்திருந்தது. நான் துடைத்த இடத்துக்கு நேர் பின்னால் நான்கு இலைகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன.

பாயைப் பழையபடி இழுத்து மூடினேன். மூடியதும், ஐயோ, வெளிச்சத்தை அடைத்துவிட்டோமே என்று தோன்றியது. மறுபடி ஓர் ஓரத்தை மட்டும் விலக்கிவிட்டு வந்தேன்.

ஸ்பேனர்12

ட்ரயம்ப் ஹெரால்ட். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தெருவில் இறங்கும்போது டக் என்று ஒரு சத்தம். முன் சக்கரம் உள்பக்கமாக மடிந்து, வண்டி மண்டி போட்டுவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு வண்டியை வாங்கப் போகலாம், அதனால் சொல்கிறேன். முதலில், சாவி கையில் கிடைத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தயவுசெய்து. வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஊறட்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பெட்ரோலே இல்லை, மூடியைத் திறந்தால் வார்னிஷ் நாற்றம் வரும். முழுக்க இறக்கிவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் லைனிங்தான் பெயரும். டயர் பூவை, அதாவது தரையில் படும் வரிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் தேதி எண் இருக்கும். நான்கு இலக்கம் என்றால் 2000-க்குப் பிறகு வந்தது, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால் போன நூற்றாண்டு டயர். அதில் உருட்டக்கூடச் செய்யாதீர்கள். பேட்டரி மாட்டும் முன் அதன் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும்.

கடைசியாக டிரன்னியன். ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, திருகு மரையோடு ஒரு வெண்கலக் கட்டைக்குள் உட்காரும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றும். அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாக இறங்காது. ஈரம் தங்கி, தண்டு உள்ளேயே அரித்து ஒருநாள் ஒடியும். நான் பார்த்தது அதுதான். பழைய மாரிஸ் மைனரிலும் இதே கதைதான், எண்ணெய் விடுங்கள்.

வட்டக்கண்ணாடி அவர்களுக்கு: அந்தத் தார்ப்பாயைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். காற்று போகாத பாயை விட மழை மேல்.

நீளமூக்கு

எல்லோரும் "கேட்பாரற்று" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு சிட்ரோயன் டிஎஸ். வயிறு தரையைத் தொடுவது போலப் படுத்திருக்கும். பின் சக்கரம் பாதி பாடிக்குள் மறைந்திருக்கும். மேலே இலைச் சருகு. செத்துப்போன வண்டி என்றே நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் குனிந்தபோது அடியில் ஒரு பச்சைச் சொட்டு. 1966-க்குப் பிறகு வந்த டிஎஸ்களில் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றுக்கும் ஓடுவது அந்தப் பச்சை மினரல் எண்ணெய்தான். புதுச் சொட்டு. அப்படியானால் யாரோ ஊற்றுகிறார்கள்!

அடுத்த வாரமே பார்த்துவிட்டேன். வயதான ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார், எஞ்சின் ஓடத் தொடங்கியது. அவர் அவசரப்படவே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். வண்டி, படுத்திருந்த மாடு எழுவது போல மெல்ல மெல்ல எழுந்தது. சருகுகள் சரிந்து விழுந்தன. பிறகு போய்விட்டார்.

நின்றால் அழுத்தம் இறங்கித் தாழும் வண்டி அது. அவ்வளவுதான். நாம் வெளியிலிருந்து பார்த்து முடிவு கட்டுகிறோம். வட்டக்கண்ணாடி, நீங்கள் அடுத்தவர் வண்டியின் பாயைத் தூக்கியிருக்கக் கூடாது. வருத்தப்படாதீர்கள், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

வட்டக்கண்ணாடி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் டிஎஸ்ஸுக்கு ஓர் அம்மா இருந்தார். தரையில் ஓட்டை விழுந்து கொடி ஏறிய வண்டிக்கு யார் இருந்திருக்க முடியும்? தொட்டது தப்புதான். ஆனால் பார்த்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கியர்கம்பி

ஸ்பேனர்12 அண்ணா, ஹெரால்டைப் பற்றிச் சொன்னது சரி. மைனருக்கு அதையே சொன்னது தவறு. மைனரில் முன்பக்க டிரன்னியனுக்கு இருப்பது கிரீஸ் ஏற்றும் நிப்பிள்தான், கிரீஸ்தான் அடிக்க வேண்டும். அதுவும் காய்ந்துபோனால் மரை தேய்ந்து இதே போல சக்கரம் மடியும், ஆனால் மருந்து வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் படிப்பவர் யாராவது மாற்றிச் செய்துவிடுவார்.

ஓரத்தெரு, உங்களுக்கு ஒரு கேள்வி. பேட்டரி இல்லை என்று சொன்னீர்கள். டிராஃபிகேட்டர் மின்காந்தத்தால் தூக்கப்படுவது, மின்சாரம் நின்றால் தன் எடையிலேயே கீழே விழுந்துவிடும். மின்சாரமே இல்லாத வண்டியில் அது தானாக வெளியே வராது. மூடியிருக்கும்போது ஒரு கொக்கி வேறு பிடித்திருக்கும். நகத்தை விட்டு மேலே நெம்பித்தான் எடுக்க வேண்டும். கீல் காய்ந்திருந்தால் அப்படியே நிற்கும். முந்தைய நாளும் வெளியேதான் இருந்ததா?

ஓரத்தெரு

இல்லை. முந்தைய நாள் உள்ளேதான் இருந்தது. நிச்சயமாகத் தெரியும், தினமும் அந்தத் தூணைத் தாண்டித்தான் போவேன்.

நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன். அந்த இடது பக்கம் வீட்டைப் பார்த்த பக்கம். வாசலிலிருந்து வந்தால் முதலில் கைக்கு எட்டுவது அந்தத் தூண்தான்.

இன்றைக்கு மறுபடி அந்த வழியாகப் போனேன். வண்டி நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது, நான்கு மூலையிலும் டயர் அழுந்திய கறுப்புத் தடம். வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. மணியை அடித்துவிட்டேன். யாரும் வரவில்லை. நாளைக்கும் போவேன்.