புதுப்பிப்பு: வீட்டுக்கல்வித் தாய்மார்களின் காலைப்பொழுது

வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் தாய்மார்களின் காலைப் பழக்கங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "எழுந்ததும் தேநீர், பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு" என்று பலர் பதில் எழுதியது மனத்தை உறுத்துகிறது. அதனால் இதைச் சேர்க்கிறேன்.

முந்தைய நாளே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ரத்தசோகை நம் பெண்களிடம் இவ்வளவு பரவியிருக்கும்போது இது சின்ன விஷயமே அல்ல.

"எட்டு மணிக்குள் பாடம் தொடங்க வேண்டுமே" என்று பதறியவர்களுக்கு: தினமும் பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்குத் தினசரிப் பள்ளி மணி கிடையாது. பிள்ளைகளோடு வெயிலில் கொஞ்சம் நடந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் தொடங்குங்கள்.