உயிரியல் படித்துவிட்டுத் தடயவியலுக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

தொடங்கியவர், திருநெல்வேலி:

என் அக்கா மகள் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறாள். அடுத்து என்ன என்று கேட்டால் "தடயவியல்தான் சித்தி" என்கிறாள். குஜராத்தில், காந்திநகரில் இருக்கும் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. இங்கேயே எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தால் நாளைக்கு நெட் எழுதலாம், காலேஜில் வேலை பார்க்கலாம் என்கிறாள். இரண்டு பேரும் என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இந்தத் துறை தெரியாது. படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டுவேன்.

காந்திநகரில் படித்தவர்:

நான் அங்கேதான் எம்.எஸ்சி. தடய அறிவியல் முடித்தேன். பி.எஸ்சி.யில் உயிரித் தொழில்நுட்பம். குஜராத் அரசின் பல்கலைக்கழகமாக இருந்தது, 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

போகும்போது ரத்தம், டி.என்.ஏ. மட்டும்தான் படிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கைரேகை, போலிக் கையெழுத்து, துப்பாக்கி, விஷம், சட்டம் என்று எல்லாவற்றையும் தொட்ட பிறகுதான் உயிரியல் பக்கம் ஆழமாகப் போக முடிந்தது. உங்கள் அக்கா மகளுக்கு உயிரியல் மட்டும்தான் பிடிக்கும் என்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு மறக்காத ஒரு நாளைச் சொல்கிறேன். பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. வடிதாளை லேசாக நனைத்துக் கறையில் ஒற்றி எடுக்க வேண்டும். அதில் ஒரு சொட்டு ஆல்கஹால், அப்புறம் ஒரு சொட்டு ஃபினால்ஃப்தலீன் கரைசல். இந்த இடத்தில் நிறம் வரக் கூடாது. வந்தால் அந்தச் சோதனையே செல்லாது. கடைசியாக ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. விட்ட நொடியில் பளிச்சென்று இளஞ்சிவப்பு ஏறியது. கேஸ்டில் மேயர் சோதனை என்று இதற்குப் பெயர்.

அதே வாரம் மாதிரி நீதிமன்றம் வைத்தார்கள். அறிக்கையோடு கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீலாக நின்றவர் கேட்டார்: "இது மனித ரத்தம்தானா?" நான் "ஆமாம்" என்றேன். "எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்?" சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து மேசையில் வைத்தார். கிழங்கில் இருக்கும் பெராக்சிடேஸ் நொதியும் அதே நிறத்தைக் கொடுக்கும். ஆட்டு ரத்தமும் கொடுக்கும். அந்த நிறத்தை வைத்து "ரத்தமாக இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். ரத்தம்தான் என்று உறுதிப்படுத்த டாகயாமா படிகச் சோதனை தனி, மனித ரத்தம் என்று சொல்ல இன்னொரு சோதனை தனி. நிஜ வழக்கில் இருந்திருந்தால் என் ஒரு "ஆமாம்" ஒருவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுப்பு இருக்கிறது என்பதை இவ்வளவு நேராகக் கற்றுக்கொடுத்த வகுப்பு எனக்கு வேறு கிடைத்ததில்லை.

விலங்கியல் வழியாக வந்தவர், கோவை:

நான் அக்கா சொல்லும் வழியில் போனவள். எம்.எஸ்சி. விலங்கியலேதான். ஆய்வுக் கட்டுரைக்கு ஈ எடுத்துக்கொண்டேன். துறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், நாய் இழுக்காமல் கம்பிக் கூண்டு போட்டு ஆட்டு ஈரல் வைத்தேன். அரை மணி நேரத்துக்குள் பச்சை நீலமாக மினுங்கும் ஈக்கள் வந்துவிட்டன. புழு மூன்று நிலைகளைக் கடந்து கூட்டுப்புழு ஆகும். காற்றுத் துளைகள் புழுவின் பின்பக்கத்தில் இருக்கும். அதில் எத்தனை பிளவு என்று நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த நிலை என்று சொல்லிவிடலாம். வெப்பநிலையும் தெரிந்தால் முட்டையிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடலாம். இறந்தவர் எப்போது இறந்தார் என்பதற்கு அது ஒரு துப்பு. பூச்சியியலை ஒழுங்காகப் படித்தவருக்குத்தான் இது கைவரும்.

வேலை விஷயம்: விலங்கியல் எம்.எஸ்சி. என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் எழுதலாம். தடய அறிவியல் எம்.எஸ்சி. என்றால் யு.ஜி.சி. நெட்டில் தடய அறிவியல் என்றே தனிப் பாடம் இருக்கிறது. ஆய்வக வேலைக்கு விளம்பரம் வரும்போது உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று பிரிவு வாரியாகக் கல்வித் தகுதி போடுவார்கள். சேர்வதற்கு முன்பே பழைய விளம்பரங்களை எடுத்து, தான் வாங்கப்போகும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். என்னோடு படித்த ஒரு பெண் பார்க்காமல் விட்டு இரண்டு வருடம் இழந்தாள்.

பெயர் வேண்டாம்:

ஒரு தனியார் கல்லூரியில் தடயவியல் படித்தேன். இரண்டு வருடத்தில் ஒரு டி.என்.ஏ. மாதிரியைக்கூட என் கையால் பிரித்தெடுக்கவில்லை, எல்லாமே பவர்பாயின்ட்தான். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அட்மிஷனுக்கு முன் போய் "லேபைக் காட்டுங்கள், போன வருஷ மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

ஆய்வக உயிரியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்:

இந்தியாவில் இந்த வேலை ஆரம்பித்ததே நம் ஊரில்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். 1849இல் சென்னை மாகாணத்தில்தான் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வைத்தார்கள், விஷம் வைத்த வழக்குகளுக்காக. இன்று மயிலாப்பூர் காமராஜர் சாலையில் தடய அறிவியல் துறை இருக்கிறது.

என் அனுபவத்தில் பாதி வழக்குகள் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும். ஒரு முறை ஒரு குழந்தையின் பாவாடை வந்தது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி, மேலே அழகாக அரக்கு சீல் வைத்திருந்தார்கள். பிரித்ததும் பூஞ்சை வாடை. துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றியிருந்தால் போதும். அதில் எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்தப் பாவாடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் புதுச் சட்டம் வந்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 176ஆம் பிரிவு: ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். மாநிலங்கள் அதைக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆட்கள் நிறையத் தேவைப்படுவார்கள்.

அப்புறம் ஒன்று. எந்தப் பட்டம் வாங்கினாலும் மரபியலை விடக் கூடாது. டி.என்.ஏ. ஒத்துப்போகிறது என்று சொன்னால் போதாது, தற்செயலாக இன்னொருவருக்கும் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்று கோர்ட்டில் கேட்பார்கள். டி.என்.ஏ.வில் சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த அல்லீல், அதாவது அங்கே வரும் மாற்று வடிவம், மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எடுத்துப் பெருக்கித்தான் அந்த எண் வருகிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படையான ஹார்டி வெய்ன்பெர்க் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவர்கள் அங்கே திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையர்களை இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது என்பதையும் தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

தொடங்கியவர், திருநெல்வேலி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்காவையும் அவளையும் உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். பாவாடை பற்றிப் படித்ததும் அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நுழைவுத் தேர்வு எழுதட்டும், இங்கேயும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டும்" என்றாள். பிள்ளை நேற்று காலேஜ் லேபில் சாரிடம் அனுமதி வாங்கி, உருளைக்கிழங்கை வெட்டி அந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறாள். இளஞ்சிவப்பு வந்ததாம், போட்டோ அனுப்பினாள்.

காந்திநகரில் படித்தவருக்கு ஒரு கேள்வி. அங்கே குளிர் எப்படி? ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா என்று அக்கா கேட்கிறாள்.

காந்திநகரில் படித்தவர்:

வேண்டும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை நன்றாகவே குளிரும். கம்பளி ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள். பருப்பில் வெல்லம் போடுவார்கள், அதனால் ஊறுகாயும்.