சிற்றலையில் மறக்க முடியாத ஓர் இரவைச் சொல்லுங்கள்

25 மீட்டர்
பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசை நின்ற மறுநாளைத்தான் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 30 கடைசி ஒலிபரப்பு. வேதாரண்யத்தில் உப்பளக் கணக்குப் பார்த்த என் மாமனார், விடைபெறும் நிகழ்ச்சியை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் இரவு 9.15. வழக்கம்போல் வானொலியைத் திருகினார். வெறும் இரைச்சல். பின்மூடியைக் கழற்றி, செல்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்தார். தீர்ந்த செல்லைக் கடித்துப் போட்டால் இன்னும் நாலு நாள் ஓடும் என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் அவை நான் புதிதாக வாங்கிப் போட்ட செல்கள்.

"மாமா, அதுதான் நேற்றோடு முடிந்துவிட்டதே" என்றேன்.

"தெரியும் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுத்த செல்லைக் கடித்தார்.

தெரிந்தும் ஏன் கடித்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வடமராட்சியான்
உங்கள் மாமனாருக்குக் கடிக்கவாவது செல் இருந்தது. 1990க்குப் பிறகு, போர்க்கால யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் வானொலி கேட்டோம். எங்கள் ஒழுங்கையில் சுற்றும் வேலை என்னுடையது.

ஓர் இரவு குண்டு விழுந்த செய்தி போகிறது. ஊரின் பெயர் வர வேண்டிய இடத்தில் குரல் தேய்ந்து அமிழ்ந்துவிட்டது. "சுற்றடா!" என்று பெரியப்பா கத்தினார். நான் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். சிற்றலையை வானத்திலிருந்து திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அசைந்தால் குரல் ஏறி இறங்கும். பத்து வயதுப் பையனுக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியுமா? பெரியப்பா இப்போது கனடாவில் இருக்கிறார். போன தைப்பொங்கலுக்குத் தொலைபேசியில் பேசியபோதும், "அன்றைக்கு நீ கையை விட்டுவிட்டாய்" என்கிறார்.

ஏரியல் கம்பி
மேலே எழுதியவருக்கு: அது அயனி மண்டலம்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். டைனமோவின் மின்னழுத்தம் சக்கரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும். பெரியப்பா பக்கமும் நியாயம் இருக்கலாம்.

என் கதை சின்னது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்துகிடந்தன. செல்பேசிக் கோபுரமும் இல்லை. பரணில் கிடந்த வானொலிப் பெட்டியை இறக்கினால், 31 மீட்டர் அலைவரிசையில் சின்ன வயதில் கேட்ட அதே துல்லியம்! பெய்ஜிங்கிலிருந்து தமிழில் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: ஒலிபரப்புகள் குறைந்தது உண்மைதான், ஆனால் மிச்சம் இருப்பதையும் கேட்கவிடாமல் செய்வது நம் வீடுதான். எல்இடி பல்பு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலை முழுக்க இரைச்சலைக் கக்கும். பெட்டியைச் செல்லில் ஓடவிட்டு மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக் கண்டுபிடியுங்கள். விழாவிட்டால் பக்கத்து வீடு. சண்டை போடாமல் மொட்டை மாடிக்குப் போங்கள். அறைக்குள் கட்டும் வலை ஏரியல் இந்தக் காலத்துக்கு உதவாது. சாதாரணச் செம்புக் கம்பியை மின்கம்பிக்கு எதிர்ப்புறமாக மரம் வரை இழுத்துக் கட்டுங்கள். இடி மின்னல் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். புதுப் பெட்டி வாங்குபவர்கள் 49 முதல் 19 மீட்டர் வரையான அலைவரிசைகள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வடமராட்சியான்
ஐயா, சுற்றியது நான்.

கப்பல்காரன்
வீட்டுப் பல்பைப் பார்த்தா ஆஸ்திரேலியாக்காரன் நிறுத்தினான்? 2017 ஜனவரி 31 அன்று ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலையை மூடியபோது சொன்ன காரணம், ஆண்டுக்கு 19 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது. அதன் பிறகு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். தீவுக்காரர் ஒருவர் கப்பலடிக்கு வந்து, புயல் ஏதும் வருகிறதா என்று எங்களைக் கேட்டார். முன்பெல்லாம் வானொலியில் கேட்டுவிட்டுத்தான் படகை எடுப்பாராம்.

நேயர் மன்றத்துக்காரி
எல்லோரும் ஒலிபரப்பு நின்றதையே எழுதுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது ஒலிபரப்பு திரும்பி வந்தபோது.

2022 மார்ச். அண்ணன் மகள் உக்ரைனில், சுமியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியின் நிலவறையில் பிள்ளைகள் அடைந்துகிடக்கிறார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பிபிசி மறுபடியும் சிற்றலையில் வருகிறது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி நாளிலேயே வானொலி நேயர் மன்றம் நடத்தியவள் ஆயிற்றே! மாலை 4 முதல் 6 வரை 15735 கிலோஹெர்ட்ஸ், இரவு 10 முதல் 12 வரை 5875 என்று உக்ரைன் நேரத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "இது எந்த ஆப்பில் போட வேண்டிய நம்பர் அத்தை? சார்ஜ் குறைவாக இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்."

என்ன சொல்வது? "ஒன்றுமில்லை கண்ணு, அணைத்து வை" என்று அனுப்பினேன். 8ஆம் தேதி பஸ் வந்து அவர்களை ஏற்றிப்போனது.

ஏரியல் கம்பி
பெட்டியே இருந்திருந்தாலும் நிலவறைக்குள் அலை இறங்காது அம்மா. சன்னல் வழியாகக் கம்பி ஒன்றை வெளியே விட்டிருக்க வேண்டும். ஆறேழு மீட்டர் போதும்.