சில்வர் ஸ்பிரிங் பழைய தியேட்டர் யாருடையது?

மாறன்:
மேரிலாந்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கும் ஏஎஃப்ஐ (அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்) சில்வர் தியேட்டரில் படம் பார்த்தேன். பெரிய அரங்கம் பழைய காலத்துக் கட்டடம், ஒட்டியிருக்கும் இரண்டு சின்ன அரங்குகள் புதியவை. கூட வந்த நண்பர் "இது வார்னர் பிரதர்ஸ் தியேட்டர்" என்றார். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், "இல்லை, இது கவுன்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு) சொந்தம்" என்றார். யார் சொன்னது சரி? புறநகர் தியேட்டர்கள் ஏன் இப்படிக் கை மாறிக்கொண்டே இருக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, இருவர் சொன்னதும் சரிதான், காலம்தான் வேறு. தியேட்டர் என்றால் ஒரே ஒரு ஓனரைத் தேடுகிறோம், அதில்தான் குழப்பம் வருகிறது. கட்டடம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், குத்தகைக்கு எடுத்து ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். ஒரு காலத்தில் படம் எடுத்த ஸ்டூடியோவே தியேட்டரையும் ஓட்டியது.

சில்வர் தியேட்டர் 1938 செப்டம்பரில் திறந்தது. வரைந்தவர் ஜான் எபர்சன். கடைத்தொகுதியோடு சேர்த்துக் கட்டியது, ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஓட்டியது வார்னர். படம் எடுக்கும் ஸ்டூடியோக்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருப்பதை எதிர்த்து அரசு போட்ட பாரமவுன்ட் வழக்கில், 1948 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து பாரமவுன்ட், வார்னர், லோவ்ஸ், ஆர்கேஓ, ஃபாக்ஸ் ஆகிய ஐந்து பெரிய சினிமா கம்பெனிகளும் தங்கள் தியேட்டர்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வார்னரின் தியேட்டர்கள் 1953இல் ஸ்டான்லி வார்னர் என்ற தனி நிறுவனத்துக்குப் போயின. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தியேட்டர்களுக்கு முதல் பெரிய கைமாற்றம் அதுதான். அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. பெரிய அரங்கை நிரப்புவதே பாடாகிவிட்டது.

அப்புறம் மால்கள் வந்தன. கான்சஸ் சிட்டியில் ஸ்டான் டர்வுட் 1963இல் ஒரே கட்டடத்தில் இரண்டு திரை வைத்தார். படம் ஓட்டும் கேபின் ஒன்று, டிக்கெட் கவுன்டர் ஒன்று, படம் இரண்டு. அதைப் பார்த்துப் பழைய ஒற்றைத் திரை ஓனர்களும் நடு அரங்கில் சுவர் எழுப்பினார்கள். நான் 1989இல் படிக்கும்போது பகுதிநேரமாக வேலை பார்த்த தியேட்டர் அப்படிப் பிளந்ததுதான். சீட்டுகளை மாற்றவில்லை. எல்லாம் பழைய திரையின் நடுவைப் பார்த்து வளைந்திருந்தன. சுவர் வந்த பிறகு இரண்டு பக்கத்து ஜனங்களும் கழுத்தைத் திருப்பித்தான் படம் பார்த்தார்கள். இந்தப் பக்கம் காதல் காட்சி ஓடும்போது அந்தப் பக்கத்துத் துப்பாக்கிச் சத்தம் சுவர் வழியாக வரும். கேபினில் இருந்து பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

அங்கே இருந்த பன்னிரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியது. ஒவ்வொரு முறையும் முதலில் மாறுவது வாசல் போர்டு, அடுத்து எங்கள் சட்டை. சில மாதத்தில் ஆள் குறைப்பார்கள். இரண்டு ஆபரேட்டர் செய்த வேலை ஒருவர் தலையில் விழும். ஒரு ரீல் கிட்டத்தட்ட இருபது நிமிடம், இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறேழு ரீல். அவற்றை ஒன்றாக ஒட்டி, பிளாட்டர் என்ற பெரிய சுழலும் தட்டில் ஏற்றிவிட்டால் ஒரே ஆள் பல திரைகளை ஓட்டலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. நடுவில் ஃபிலிம் சிக்கினால் ஓட ஆள் இல்லை.

கடைசி அடி 2001இல் விழுந்தது. அந்தச் சமயத்தில் ஊர் ஊராகத் தியேட்டர் நடத்திய பெரிய சங்கிலி நிறுவனங்கள் பல திவால் மனு போட்டன. 1995இல் டல்லஸில் ஏஎம்சி என்ற சங்கிலி நிறுவனம் 24 திரையோடு ஒரு தியேட்டர் திறந்ததைப் பார்த்து எல்லாரும் கடன் வாங்கி படிக்கட்டு வரிசை அரங்குகளாகக் கட்டித் தள்ளியிருந்தார்கள். பழைய சாய்தளத் தியேட்டர்களின் குத்தகை கழுத்தில் தொங்கியது. திவால் சட்டத்தில், வேண்டாத குத்தகையை நீதிமன்ற அனுமதியோடு உதறிவிடலாம். எங்கள் தியேட்டர் அப்படித்தான் போனது. கூட்டம் வராமல் மூடினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

கிரீன்பெல்ட் மேகலா:
அண்ணா சொன்ன குத்தகை விஷயம் ரொம்ப முக்கியம். நான் இருக்கும் கிரீன்பெல்ட்டிலும் ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இதுவும் அதே 1938 செப்டம்பரில்தான் திறந்தது! ஆனால் இதைக் கட்டியது அமெரிக்க அரசு. ரூஸ்வெல்ட் காலத்தில் அரசே திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. வீடு, கடை, பள்ளி, தியேட்டர் எல்லாமே அரசுடையது. 1950களில் அரசு ஊரை விற்றது, தியேட்டர் தனியார் கைக்குப் போனது. 1976இல் மூடினார்கள். கொஞ்ச காலம் நாடகக்காரர்கள் வைத்திருந்தார்கள், பிறகு மறுபடி சினிமா வந்தது. 2002இல் நகராட்சி கட்டடத்தை வாங்கியது. 2015இலிருந்து உள்ளூர் மக்களின் லாப நோக்கற்ற அமைப்பு ஓட்டுகிறது.

சில்வர் கதையும் இப்படிப் பொதுக் கையில்தான் முடிகிறது. 1984இல் மூடிய பிறகு இடிபடாமல் காக்க ஆர்ட் டெகோ என்ற 1930கள் காலத்துக் கட்டடப் பாணியைப் பாதுகாக்கும் வாஷிங்டன் சங்கத்தார் விடாமல் போராடினார்கள். கடைசியில் மான்ட்கோமரி கவுன்டி எடுத்துப் புதுப்பித்தது, அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2003 ஏப்ரலில் திறந்தது. ஆக, ஓட்டுவது இன்ஸ்டிட்யூட், கட்டடம் கவுன்டியுடையது. மாறன், உங்கள் பக்கத்து சீட் பெரியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மாறன்:
இருவருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் வேலை பார்த்தது போன்ற பெயர் தெரியாத தியேட்டரின் ஓனர் வரிசையை எப்படித் தேடுவது? எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு கார்ப்பெட் கடை இருக்கிறது. தரை இன்னும் சாய்வாக இருக்கிறது, தியேட்டராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பழைய ஆபரேட்டர்:
சாய்வாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் கவுன்டி நிலப் பதிவேட்டில் பத்திரத்தைப் பார், அதில் மண்ணுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் இருப்பார். ஓட்டியவரைப் பிடிக்க நூலகத்துக்குப் போய் பழைய செய்தித்தாளின் சினிமா விளம்பரப் பக்கத்தைப் பார். வருடத்துக்கு ஒரு நாள் போதும், ஒரே மாதத்து வெள்ளிக்கிழமையாக எடு. தியேட்டர் பெயர் எந்தக் கம்பெனிக் கட்டத்துக்குள் வருகிறது என்று குறித்துக்கொண்டே வா. கட்டம் மாறிய வருடம்தான் கை மாறிய வருடம். ஃபிலிம் டெய்லி என்ற பழைய சினிமாத் தொழில் பத்திரிகையின் ஆண்டுமலர் கிடைத்தால், ஊர் வாரியாகத் தியேட்டர் பெயரும் சீட் எண்ணிக்கையும் இருக்கும்.

கடைக்காரர் அனுமதித்தால் பின்சுவரில் மேலே பார். சின்னச் சின்ன சதுர ஓட்டைகளை அடைத்த தடம் தெரியும். அதுதான் கேபின்.  பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்துப் போடு தம்பி, நானும் பார்க்க வேண்டும்.