அப்பத்தாவுக்கு வாய்ல கேன்சராம், அம்பது வருஷம் ஒண்ணும் பண்ணாத வெத்தலை இப்ப மட்டும் ஏன்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தாவுக்கு 71 வயசு. கன்னத்துக்கு உள்பக்கம் ரெண்டு மாசமா ஆறாத புண்ணு, சூட்டுப்புண்ணு தானேன்னு மணத்தக்காளி கீரையும் தேங்காப்பாலும் குடுத்தே ஓட்டிட்டோம், போன வாரம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, கேன்சர்னு வந்துருச்சு. ட்ரீட்மென்ட் பத்தி டாக்டர் சொல்லிட்டார், நான் அத கேக்க வரல. அப்பத்தா கல்யாணம் ஆனதுல இருந்து வெத்தலை, கொட்டப்பாக்கு, சுண்ணாம்பு, கூட கொஞ்சம் போயிலை. அதோட அக்கா அதவிட ஜாஸ்தி போடும், 90 வயசு வரைக்கும் இருந்து தூக்கத்துலயே போச்சு. அப்போ ஒருத்தருக்கு மட்டும் ஏன் வருது? எங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்கும் கேன்சர் கெடையாது. சித்தப்பா என்னடான்னா எல்லாம் உரம் போட்ட காய்கறியால வந்ததுங்கறார் (அவர் போயிலை தொடமாட்டார், ஆனா ஒரு நாளைக்கு பத்து பாக்கு பாக்கெட் பிரிப்பார்). அம்மா ஒட்டிக்கும்னு பயந்து தட்டு டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டாங்க, அப்பத்தா அத பாத்ததுல இருந்து சரியா பேசக்கூட மாட்டேங்குது. உடம்புக்குள்ள என்ன தான் நடக்குது இதுல? நான் காமர்ஸ் குரூப், அதுக்கு தகுந்த மாதிரி சொல்லுங்க.

ஸ்லைடுக்காரன்:
தம்பி, நான் டாக்டர் இல்ல, பேத்தாலஜி லேப்ல டெக்னீஷியன், உங்க அப்பத்தாவோட சதை மாதிரி தினமும் பத்து பதினஞ்சு வெட்டி சாயம் போட்டு ஸ்லைடு பண்றவன். இத்தனை வருஷத்துல எனக்கு புரிஞ்சத சொல்றேன். கேன்சர்ங்கறது வெளிய இருந்து உள்ள பூந்த பூச்சி இல்ல, அப்பத்தாவோட சொந்த செல்லு தான். வாய்க்குள்ள இருக்கற தோலு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போல புதுசாகிட்டே இருக்கும், பழசு உதிர அடியில இருந்து புதுசு மேல வரும். அப்படி ஒரு செல்லு ரெண்டா பிரியணும்னா உள்ள இருக்கற டிஎன்ஏ (செல்லு என்ன செய்யணும்னு எழுதி வச்ச குறிப்பு) மொத்தத்தையும் காப்பி எடுக்கணும், அம்மா குடுத்தது 300 கோடி எழுத்து, அப்பா குடுத்தது 300 கோடி எழுத்து. இவ்ளோவையும் காப்பி எடுத்தா தப்பு விழாம இருக்குமா? விழும். திருத்தறதுக்கும் உள்ளயே ஏற்பாடு இருக்கு, ஆனாலும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிடும். போயிலை, பாக்குல இருக்கற சில கெமிக்கல் இந்த எழுத்துலயே போய் ஒட்டிக்கும், அப்ப தப்பு இன்னும் ஜாஸ்தியாகும்.

இதுல முக்காவாசி தப்பால ஒண்ணும் ஆகாது. எங்க விழுதுங்கறது தான் விஷயம். மொட்டமாடி டேங்குக்கு தண்ணி ஏத்தற மோட்டார நெனச்சுக்கங்க. சில ஜீன் (டிஎன்ஏல ஒரு வேலைக்கான ஒரு பகுதி) மோட்டார் சுவிட்ச் மாதிரி, "பிரி, வளரு"ன்னு சொல்றது, அது ஆன்லயே மாட்டிக்கிட்டா ஒரு கோளாறு. இன்னும் சில ஜீன் டேங்க் நெறஞ்சா மோட்டார நிறுத்தற ஆட்டோ கட் ஆஃப் மாதிரி. அது பெரும்பாலும் ஒவ்வொண்ணும் ரெண்டு செட் இருக்கும், அம்மா வழி ஒண்ணு அப்பா வழி ஒண்ணு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும், ரெண்டும் போச்சுன்னா தான் தண்ணி வழியும். குழந்தைங்க கண்ணுல வர்ற கேன்சர வச்சு நட்சன்னு ஒருத்தர் 1971ல இந்த கணக்க போட்டு காமிச்சார். பரம்பரையா வர்ற கேன்சர்னா பொறக்கும்போதே ஒரு செட்டு கெட்டுப்போய் வர்றது, அவ்ளோ தான். அது மொத்த கேன்சர்ல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து தான் இருக்கும், அதனால "எங்க வீட்ல யாருக்கும் இல்ல"ங்கறது பெரிய பாதுகாப்பு கெடையாது.

இந்த கட் ஆஃப்லயே பெரிய ஆளு பி53ங்கற ஜீன். டிஎன்ஏ அடிபட்டுருச்சுன்னா செல்ல பிரிய விடாது, சரி பண்ண முடியலைன்னா செல்லையே தன்னால சாக வச்சிடும். கேன்சர் கட்டிகள்ல கிட்டத்தட்ட பாதிக்கு இது தான் கெட்டுப்போயிருக்கும். யானைக்கு இந்த ஜீன் நம்மள மாதிரி ஒரு ஜோடி இல்ல, இருபது ஜோடி இருக்கு, அவ்ளோ பெரிய உடம்புக்கு கேன்சர் கம்மியா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்னு 2015ல எழுதுனாங்க. நமக்கு அந்த குடுப்பினை இல்ல!

இப்ப உங்க கேள்வி, அக்காவுக்கு ஏன் வரல. ஒரே ஒரு தப்பு விழுந்தா கேன்சர் ஆகிடாது, சுவிட்ச், கட் ஆஃப்னு நாலஞ்சு தப்பு ஒரே செல்லு வம்சத்துல ஒண்ணு மேல ஒண்ணா சேரணும், அதுக்கு இருபது முப்பது வருஷம் கூட ஆகும், அதனால தான் வயசான பெறகு ஜாஸ்தி வருது. ஒவ்வொரு தடவை வாய்ல ஒதுக்கும்போதும் ஒரு லாட்டரி சீட்டு வாங்கற மாதிரி. அக்காவும் கட்டு கட்டா வாங்குனாங்க, விழல. அம்பது வருஷம் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்றீங்களே, அந்த அம்பது வருஷமும் உள்ள வேலை நடந்துட்டு தான் இருந்துச்சு, வெளிய தெரியல.

கிராமத்து_காத்து:
இதெல்லாம் புஸ்தகத்துல படிக்க நல்லா இருக்கும் பாஸ். எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சார், ஒரு தும்மல் கெடையாது. அப்பல்லாம் கேன்சர்னு யாராச்சும் கேள்விப்பட்டிருக்கோமா? யூரியா வந்துச்சு, பிளாஸ்டிக் வந்துச்சு, வியாதியும் வந்துச்சு. சித்தப்பா சொல்றது தான் கரெக்ட்.

ஸ்லைடுக்காரன்:
லண்டன்ல புகைபோக்கி சுத்தம் பண்ற பசங்களுக்கு கரி படிஞ்சு படிஞ்சு விதைப்பைத் தோல்ல கேன்சர் வருதுன்னு பெர்சிவல் பாட்டுங்கற சர்ஜன் 1775லயே எழுதி வச்சிட்டார். அப்போ யூரியாக்கடை எந்த ஊர்ல இருந்துச்சு? பூச்சி மருந்துல சிலது மேல சந்தேகம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா போயிலைய வாய்ல அடக்கி வச்சிக்கிட்டு கத்திரிக்கா மேல பழி போடறது நியாயமே இல்ல. தாத்தாவுக்கு சீட்டு விழல, அவ்ளோ தான். அந்த காலத்துல "வாய்ல புத்து வந்து செத்தார்"னு சொல்லுவாங்க, கேட்டதில்லையா? புத்துநோய்னா அதே தான்.

பல்லாண்டு:
நான் பல் டாக்டர், தினமும் பாக்கறது இது. முதல்ல ஒரு விஷயம், வெத்தலை மேல தப்பு இல்ல, குற்றவாளி பாக்கும் போயிலையும் தான், சுண்ணாம்பு கூட்டாளி. சுண்ணாம்பு வாய்ல காரத்தன்மைய ஏத்தி விடும், அதுல பாக்குல இருக்கற சத்து வேகமா தோல்ல எறங்கும், அதோட செல்ல அரிக்கற ஆக்சிஜன் துணுக்குகளும் உண்டாகும். எந்தப் பக்கம் ஒதுக்கறாங்களோ பெரும்பாலும் அந்தப் பக்கம் தான் புண்ணு வரும், உங்க அப்பத்தாகிட்ட கேட்டுப்பாருங்க.

சித்தப்பாவுக்காக இன்னொண்ணு. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1985ல போயிலை சேத்த வெத்தலைய மட்டும் தான் கேன்சர் உண்டாக்கும்னு சொல்லுச்சு. பெறகு தைவான பாத்தாங்க, அங்க போயிலை இல்லாம தான் பாக்கு மெல்லுவாங்க, வாய் கேன்சர் அங்கயும் கொட்டிக் கெடக்கு. 2004 அறிக்கையில வெறும் பாக்கையும் அதே பட்டியல்ல போட்டுட்டாங்க. "நான் போயிலை போடல, பாக்கு மட்டும் தான்"னு சொல்றவங்க தான் என்கிட்ட வாய் தொறக்க முடியாம வர்றாங்க. பாக்கு கன்னத்துக்குள்ள தோல நாரு நாரா இறுக்கிடும், வாய் தொறக்கறது கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிட்டே வரும், அது அப்புறம் கேன்சரா மாறவும் வாய்ப்பு இருக்கு. மூணு விரல செங்குத்தா சேத்து வாய்ல விட்டுப்பாக்க சொல்லுங்க, அவர் விரலாலயே, மூணும் போகலைன்னா காமிக்கணும். வெள்ளைத் திட்டு, செகப்புத் திட்டு, ரெண்டு மூணு வாரம் ஆறாத புண்ணு இருந்தாலும் காமிக்கணும், மணத்தக்காளிய வச்சு ரெண்டு மாசம் ஓட்டக்கூடாது (கோச்சுக்காதீங்க).

ஆத்தங்கரை_அக்கா:
தட்டு டம்ளர் விஷயத்த யாரும் சொல்லலையே! தம்பி, இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு, அப்பத்தா குடிச்ச டம்ளர்ல குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஒருத்தர் செல்லு இன்னொருத்தர் உடம்புக்குள்ள போனா உடம்பே அந்நியம்னு கண்டுபிடிச்சு தீத்துடும். எங்க அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய்ல வந்துச்சு, அதுக்கு காரணம் எச்பிவின்னு ஒரு வைரஸ். அத கண்டுபிடிச்ச ஜெர்மன்காரருக்கு 2008ல நோபல் குடுத்தாங்க. வைரஸ் உடலுறவு மூலமா பரவும், கேன்சர் பரவாது. மேல அண்ணன் சொன்ன பி53ய அந்த வைரஸ் ஆளவிட்டு அழிச்சிடுமாம், அதுக்கு தடுப்பூசி இருக்கு, வீட்ல பொண்ணு இருந்தா போடுங்க. எங்க அம்மாவுக்கும் இதே மாதிரி தட்டு தனியா வச்சாங்க, எங்க மாமியார். அம்மா வலிய கூட தாங்குச்சு, அந்தத் தட்ட தாங்கல.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி, ராத்திரி பூரா படிச்சேன். அம்மாவுக்கு அக்கா எழுதுனத அப்படியே வாசிச்சு காமிச்சேன், ஒண்ணும் சொல்லல, காலையில அப்பத்தாவுக்கு காப்பி எங்க டம்ளர்ல வந்துச்சு. இடது பக்கம் தான் ஒதுக்குமாம், புண்ணும் இடது பக்கம் தான். தெரிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி போட்டிருப்பேனேங்குது, என்னத்த சொல்ல. சித்தப்பாவ விரல் விட்டு பாக்க சொன்னேன், சிரிச்சிட்டே விட்டார், ரெண்டு விரல் தான் போச்சு. அதுக்கப்புறம் உரத்த பத்தி பேசவே இல்ல. திங்கக்கிழமை அப்பத்தாவ கூட்டிட்டு போகும்போது அவருக்கும் ஒரு சீட்டு போடப்போறேன்.